ஃபிளெக்ஸில் எழுதிய பழைய செயலி: ரியாக்ட், பிளேசர், ஃபிளட்டர், எதில் மாற்றி எழுதுவது?

#1 முளை

வணக்கம். ஒரு பழைய செயலியை மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

கிடங்குக்குள் வரும் சரக்கையும் வெளியே போகும் சரக்கையும் பதியும் செயலி. 2009-ல், உலாவிக்குள் ஃபிளாஷ் பிளேயரில் ஓடும் செயலிகளை எழுதும் ஃபிளெக்ஸ் 3-ல் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் ஒருவரும் இப்போது வேலையில் இல்லை. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் பிளேயருக்கு ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எதையும் ஓடவிடாமல் தடுத்தது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பிறகும் இவர்கள் இந்தச் செயலியை விடவில்லை. நாள் பூட்டு இல்லாத பழைய பிளேயரையும் பழைய ஃபயர்ஃபாக்ஸையும் நான்கு கணினிகளில் போட்டு, இணையத்திலிருந்து துண்டித்து, உள்வலையில் மட்டும் ஓட்டி வந்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒன்றின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. இப்போதுதான் பயம் வந்திருக்கிறது.

எங்கள் குழுவில் மூன்று கட்சி. ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் என்கிறார். சர்வர் பக்கம் முழுக்க .நெட் (சி ஷார்ப்) என்பதால் இன்னொருவர் அதே மொழியில் எழுதும் மைக்ரோசாஃப்டின் பிளேசர் என்கிறார். மூன்றாமவர், நாளைக்குக் கைபேசியிலும் வேண்டும் என்பார்கள், கூகுளின் ஃபிளட்டரில் எழுதினால் இரண்டுக்கும் ஆகும் என்கிறார். எனக்கு மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பழக்கம் உண்டு. முடிவெடுக்கத்தான் தெரியவில்லை.

#2 நீலத்திரை

ரியாக்ட். ஆள் கிடைப்பார்கள், நூலகம் கிடைக்கும், சிக்கல் வந்தால் பதில் கிடைக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

#3 கண்ணி

யோசிக்க இருக்கிறது நண்பரே. சர்வரில் சி ஷார்ப் இருக்கும்போது அதே வகுப்பை, அதே சரிபார்ப்பு விதியை, உலாவியிலும் ஓட்ட முடிவது பெரிய வசதி. பிளேசர் வெப்அசெம்ப்ளி 2020 மே மாதம் வந்தது. பிற மொழி நிரலை உலாவிக்குள் ஓட்டும் வெப்அசெம்ப்ளியோ 2019 டிசம்பரிலேயே இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரை ஆகிவிட்டது. பிளக்இன் என்ற உலாவித் துணைநிரல் கிடையாது, தனியாக நிறுவ எதுவும் இல்லை. முதல் தடவை சில மெகாபைட் இறங்கும். உள்வலையில் அது ஒரு பொருட்டே இல்லை.

#4 பழைய பிக்சல்

தம்பி முளை, 2006 முதல் 2012 வரை நான் ஃபிளெக்ஸில்தான் சாப்பாடு சாப்பிட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அந்தச் செயலியை ஃபிளெக்ஸில் எழுதியவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2009-ல் இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்' என்ற சொல்லையே 2002-ல் மேக்ரோமீடியாதான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2004-ல் ஃபிளெக்ஸ் வந்தது. 2005 முடிவில் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியது. 2006-ல் ஃபிளாஷ் பிளேயர் 9 வந்தபோதுதான் எல்லாம் மாறியது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற அதன் நிரல்மொழிக்காகவே புதிதாக எழுதிய மெய்நிகர் எந்திரம், நிரலை ஓடும்போதே எந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலரோடு வந்தது. அன்றைய உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்ட் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. குரோமும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் எந்திரமான வி8-ம் வந்தது 2008 செப்டம்பரில்.

ஒரு காட்சி சொல்கிறேன். இருபதாயிரம் வரிசை உள்ள பட்டியல். அதை ஹெச்டிஎம்எல் அட்டவணையாகக் கொடுத்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அப்படியே உறைந்து நிற்கும். ஃபிளெக்ஸின் அட்டவணைப் பெட்டியான டேட்டாகிரிட்டில் அதே இருபதாயிரம் வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு போகும். காரணம் எளிது. திரையில் தெரியும் முப்பது, நாற்பது வரிசைக்கு மட்டும் அது பொருள்களை உருவாக்கும். நீங்கள் உருட்ட உருட்ட, மேலே மறைந்த வரிசையை எடுத்து, உள்ளே தரவை மட்டும் மாற்றி, கீழே கொண்டுவந்து ஒட்டும். இன்று ரியாக்ட் உலகில் 'விர்ச்சுவல் ஸ்க்ரோலிங்' என்று தனி நூலகம் போட்டுச் செய்வதை அது கையோடு கொடுத்தது. சர்வரோடு பேச ஏஎம்எஃப் என்ற இருமவடிவம். எக்ஸ்எம்எல் பிரித்து மேயும் வேலையே இல்லை. திரையை எழுதும் எம்எக்ஸ்எம்எல்லில் வளைவு அடைப்புக்குள் மாறியின் பெயரைப் போட்டால் போதும், மதிப்பு மாறும்போது திரையும் மாறும்.

இத்தனை இருந்தும் ஏன் செத்தது? நிரலாளர்கள் அதை வெறுத்ததால் அல்ல. பயனரிடம் போய்ச் சேரும் வாசல் அடோபியின் கையில் இல்லை. பிளக்இன் அடோபியுடையது, ஆனால் அதை உள்ளே விடுவதா வேண்டாமா என்பது உலாவிக்காரர் கையில். 2007-ல் ஐபோன் வந்தது, அதில் பிளக்இன்னுக்கு இடமே வைக்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகவே கடிதம் எழுதிக் கதவைச் சாத்தினார். பாதுகாப்பு ஓட்டைகளும் மின்கலத்தை உறிஞ்சுவதும் உண்மையான குறைகள்தான், மறுக்கமாட்டேன். 2011 நவம்பரில் கைபேசி பிளேயரை அடோபி கைவிட்டது, அதே மாதம் ஃபிளெக்ஸைத் திறமூல அமைப்பான அப்பாச்சியிடம் கொடுப்பதாகவும் அறிவித்தது. அந்த வாரம் நாங்கள் பாதியில் நிறுத்தி வைத்திருந்த வேலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப இது எத்தனை வருஷம் ஓடும்?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அதனால் எது வேகம், எது அழகு என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எழுதியது ஓடுவதற்கு யார் அனுமதி தேவை என்று கேளுங்கள்.

#5 வெள்ளிக்கதிர்

பழைய பிக்சல் சொல்வதற்கு, ஃபிளாஷுக்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சில்வர்லைட் பிளக்இன் இன்னும் நல்ல சாட்சி. நான் அந்தப் பக்கம் இருந்தவன்.

கண்ணி இப்போது பிளேசருக்குச் சொல்லும் அதே வாதத்தை நாங்கள் 2008 அக்டோபரில் சில்வர்லைட் 2 வந்தபோது சொன்னோம். சர்வரிலும் சி ஷார்ப், உலாவியிலும் சி ஷார்ப், திரைக்கு எக்ஸ்ஏஎம்எல். அந்தச் சந்தோஷம் உண்மையானது. நெட்ஃபிளிக்ஸ் அதில்தான் படம் காட்டியது. பிறகு 2010 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் பாப் மக்லியா, சில்வர்லைட்டைப் பற்றிய தங்கள் உத்தி மாறிவிட்டது என்று பேட்டியில் சொன்னார். மறுநாள் எங்கள் அலுவலகத்தில் யாரும் நிரல் எழுதவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஐந்தாம் பதிப்பு வந்தது, அதுவே கடைசி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் 2021 அக்டோபர் 12 வரை ஆதரவு தருவதாகச் சொன்னது, சொன்ன சொல்லையும் காப்பாற்றியது. ஆனால் பழைய பிளக்இன் இடைமுகத்தை குரோம் 45-ஆம் பதிப்போடு 2015 செப்டம்பரில் எடுத்துவிட்டது. அதாவது, உரிமையாளர் ஆதரவு கொடுத்துக்கொண்டிருந்தபோதே, ஆறு வருடத்துக்கு முன்னால், பெரும்பாலான பயனருக்கு அது ஓடாமல் போனது. மற்ற உலாவிகளும் ஒவ்வொன்றாக விட, கடைசியில் எக்ஸ்ப்ளோரர் மட்டும் மிச்சம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில்வர்லைட்டைத் தோற்கடித்த ஆயுதத்தை உருவாக்கியதும் மைக்ரோசாஃப்ட்தான். அவுட்லுக்கை இணையத்தில் காட்டுவதற்காக 1999-ல் எக்ஸ்ப்ளோரர் 5-ல் வைத்த எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி. பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல் பின்னணியில் தரவு வாங்கும் வழி அது. 2004-ல் ஜிமெயில், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ், அதே மாதம் அதற்கு 'ஏஜாக்ஸ்' என்ற பெயர். அப்புறம் நடந்தது எல்லோரும் அறிந்தது.

#6 முளை

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஆனால் அண்ணா, ஒரு சந்தேகம். அப்படிப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் உலகிலும் சாவு உண்டே? ஆங்குலர்ஜேஎஸ் என்ற சட்டகத்தை எத்தனை பேர் நம்பி எழுதினார்கள்! 2021 முடிவோடு அதற்கும் ஆதரவு போய்விட்டது. நாளை ரியாக்ட்டும் அப்படிப் போகாது என்று யார் சொல்ல முடியும்?

#7 பழைய பிக்சல்

நல்ல கேள்வி. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆதரவு நிற்பது வேறு, ஓட்டம் நிற்பது வேறு.

ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதிய பக்கத்தை இன்று திறந்து பாருங்கள், ஓடும். பாதுகாப்புத் திருத்தம் வராது, புது ஆள் கிடைக்கமாட்டார், உண்மைதான். ஆனால் காலையில் வேலைக்கு வந்தவர் எதிரே படிவம் திறக்கும். 2006-ல் ஜாவாவில் எழுதி ஜிடபிள்யூடி வழியாக ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றிய திரைகளை நானே பார்த்துக்கொள்கிறேன், இன்றும் வேலை செய்கின்றன. ஃபிளாஷ் செயலிக்கு 2021 ஜனவரி 12 காலையில் நடந்தது அப்படியா? முந்தின நாள் வரை வேலை செய்த திரை, மறுநாள் வெற்றுச் சாம்பல் கட்டம். தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை தன் வரிப் படிவங்களைத் திறக்க வழியில்லாமல், ஃபிளாஷ் ஓடும் தனி உலாவியையே அந்த மாதம் வெளியிட்டது. ஒரு நாட்டின் அரசுத் துறைக்கே அந்த நிலை.

ஆங்குலர்ஜேஎஸ் சட்டகம் செத்தாலும் அடியில் இருப்பது உலாவியின் சொந்த மொழி. ஆகவே மாற்றி எழுத உங்களுக்கு வருடக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. தேதி குறித்துக் கழுத்தில் கத்தி வைப்பவர் இல்லை.

#8 ஓடம்

ஒரு சின்னத் திருத்தம் சேர்க்கலாமா? உலாவிக்காரர்களும் தங்கள் சொந்தப் பொருளை நீக்கத்தான் செய்கிறார்கள். இணையம் இல்லாதபோதும் பக்கம் திறக்க ஆப்கேஷ் என்று ஒன்று இருந்தது, நீக்கிவிட்டார்கள். குரோமில் வெப்எஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் இருந்தது, அதையும் நீக்கிவிட்டார்கள். இரண்டையும் நம்பி எழுதியவர்கள் அலைந்தார்கள். ஆகவே உலாவியில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எல்லா உலாவியிலும் இருக்கிறதா, பல வருடமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெப்எஸ்க்யூஎல்லை ஃபயர்ஃபாக்ஸ் ஒருநாளும் ஏற்கவில்லை. எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே கண்ணெதிரே இருந்தது.

#9 கண்ணி

வெள்ளிக்கதிர் சொன்னது சுருக்கென்று தைத்தது, ஆனால் ஒப்பீடு முழுக்கச் சரியில்லை. சில்வர்லைட்டுக்கு பிளக்இன் தேவை. பிளேசர் இறங்கும் வெப்அசெம்ப்ளி எல்லா உலாவியிலும் உண்டு, நான்கு பெரிய உலாவிகளிலும் 2017-லேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நாளை பிளேசரைக் கைவிட்டாலும் ஏற்கெனவே வெளியிட்ட செயலி ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் அளவுகோலிலேயே அது தேறுகிறது.

#10 பழைய பிக்சல்

தேறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளேசரில் சர்வர் வகை, வெப்அசெம்ப்ளி வகை என்று இரண்டு உண்டு. முளை எதை எடுத்தாலும் சர்வர் வகையைக் கிடங்கில் எடுக்கவேண்டாம். அதில் ஒவ்வொரு சொடுக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே வைஃபை விட்டு விட்டு வரும். ஒவ்வொரு முறை அறுந்தாலும் 'மீண்டும் இணைக்க முயல்கிறோம்' என்ற திரை வந்து மேலே உட்காரும், பாதி அடித்த படிவம் கீழே காத்துக் கிடக்கும். இதை நான் நேரில் அனுபவித்தேன்.

#11 திசைகாட்டி

ஃபிளட்டருக்காக யாரும் பேசவில்லையே. ஒரே நிரல், கைபேசி, கணினி, இணையம் மூன்றுக்கும். திரை எல்லா இடத்திலும் ஒரு புள்ளி பிசகாமல் ஒரே மாதிரி வரும். எனக்குத் தெரிந்து ஃபிளெக்ஸின் உண்மையான வாரிசு அதுதான்.

#12 செவித்திறன்

அதுதான் என் பயமும், திசைகாட்டி. எனக்குப் பார்வை மிகக் குறைவு. திரைவாசிப்பான் வைத்துத்தான் வேலை செய்கிறேன், நிரலும் எழுதுகிறேன்.

ஃபிளெக்ஸ் காலத்தில் என் திரைவாசிப்பான் ஒரு பக்கத்தில் நுழைந்து, பெரும்பாலும் ஒரே ஒரு செவ்வகத்தைக் கண்டு, அதோடு நின்றுவிடும். உள்ளே இருபது பெட்டி, பொத்தான் இருந்தாலும் எனக்கு அது ஒரு சுவர். அடோபி அணுகல் வசதி கொடுத்திருந்தது, எழுதியவர்கள் அதை இயக்குவதில்லை.

ஃபிளட்டர் வெப் திரையை கேன்வாஸ் என்ற வரைபரப்பில் தானே வரைகிறது. வரைந்த படத்தில் எழுத்து என்று எதுவும் இல்லை. எனக்காக, திரையில் என்னென்ன இருக்கிறது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஒரு மரத்தைத் தனியாகக் கட்டவேண்டும். அது இயல்பாக அணைந்திருக்கும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தேடி அழுத்தினால்தான் எனக்குப் பக்கம் திறக்கும். செயலியை எழுதுபவர் நிரலிலேயே அதை இயக்கி வைக்கலாம். எத்தனை பேர் செய்கிறார்கள்? பழைய கதைதான் திரும்புகிறது.

ஹெச்டிஎம்எல்லில் ஒருவர் ஒழுங்காக பட்டனை பட்டனாகவும் லேபிளை லேபிளாகவும் எழுதினாலே எனக்கு முக்கால்வாசி கிடைத்துவிடும், அவர் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை என்றாலும்.

கிடங்கில் இப்போது பார்வைக் குறைவுள்ளவர் யாரும் இல்லை என்று சொல்லலாம். இப்படி ஒரு திரை இருந்தால் இனியும் வர முடியாது.

#13 திசைகாட்டி

அக்கா, அந்தப் பொத்தானை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. எங்கள் செயலியில் இன்றே இயக்கி வைக்கிறேன். நன்றி.

#14 பழைய பிக்சல்

செவித்திறன் சொன்னதோடு இதையும் சேர்க்கவேண்டும். தானே வரைந்துகொள்ளும் தொழில்நுட்பம் எதுவாக இருந்தாலும் நம் எழுத்தைச் சோதித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

ஃபிளெக்ஸ் 3-ல் எழுத்துருவை உள்ளே பொதிந்து 'பெட்டி' என்று எழுதினால், பகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் எழுத்துகள் சேமிக்கப்படும் வரிசை வேறு, திரையில் வரவேண்டிய வரிசை வேறு. மாற்றி அடுக்கும் வேலையை எழுத்து இயந்திரம் செய்யவேண்டும், அந்த இயந்திரம் செய்யவில்லை. 2008-ல் பிளேயர் 10 புது எழுத்து இயந்திரத்தோடு வந்தது, ஆனால் ஃபிளெக்ஸ் 3-இன் பெட்டிகள் பழையதையே பயன்படுத்தின. 2010-ல் ஃபிளெக்ஸ் 4 வந்துதான் தீர்ந்தது. அதுவரை காட்டுவதற்கு மட்டும், திரையில் தெரியும் வரிசையிலேயே எழுத்தை வைக்கும் பழைய டிஸ்கி எழுத்துருவுக்கு மாற்றி ஒப்பேற்றினோம். அதற்காக எழுதிய மாற்றி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஃபிளட்டர் எழுத்தைச் சரியாகவே அடுக்குகிறது. ஆனால் நீங்கள் எழுத்துருவைக் கூடவே கொடுக்காவிட்டால் வெளியே இருந்து இறக்கும், அதுவரை கட்டம் கட்டமாகத் தெரியும். இணையம் இல்லாத உள்வலையில் அந்தக் கட்டம் கட்டமாகவே நின்றுவிடும். தம்பி முளை, உங்கள் கிடங்கு அந்த வகை.

#15 நீலத்திரை

மாற்றி எழுதவே வேண்டாம் என்றால் அப்பாச்சி ராயல் இருக்கிறதே? எம்எக்ஸ்எம்எல், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் இரண்டையும் ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும். இல்லையென்றால் ஃபிளாஷ் பிளேயர் இல்லாமலே பழைய ஃபிளாஷ் கோப்பை ஓட்டும் ரஃபிள்?

#16 வெள்ளிக்கதிர்

ரஃபிள் பழைய விளையாட்டுகளையும் அசைபடங்களையும் காப்பாற்றுகிறது, அதற்கு அவர்களைக் கும்பிடவேண்டும். வியாபாரம் நடக்கும் ஃபிளெக்ஸ் செயலியை நம்பி ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை. ராயல் நல்ல முயற்சி. ஆனால் ஃபிளெக்ஸ் பெட்டிகள் ஒன்றுக்கு ஒன்று அப்படியே மாறாது, அங்கங்கே கைவேலை இருக்கும். நூற்றுக்கணக்கான திரை இருந்தால் யோசிக்கலாம். எத்தனை திரை, முளை?

#17 முளை

பதினான்கு திரை. மூல நிரல் இருக்கிறது, ஆனால் கடைசியாக நிறுவிய பதிப்புக்கு உரியதுதானா என்று தெரியவில்லை.

#18 விசைப்பலகை

பதினான்குதான் என்றால் புதிதாக எழுதுங்கள். மூல நிரலை நம்பாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்டபிள்யூஎஃப் கோப்பை (பிளேயர் ஓட்டும் தொகுத்த நிரல்) ஜேபெக்ஸ் என்ற கருவியில் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக ஏதாவது அகப்படும்.

ஒருநாள் முழுக்க அங்கே பதிவு செய்பவர் பக்கத்தில் உட்காருங்கள். நாங்கள் ஒரு பழைய செயலியை அழகான வலைப்பக்கமாக மாற்றிக் கொடுத்தோம். முதல் வாரமே புகார். அவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, சீட்டைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள். எண், எண்டர், அளவு, எண்டர், எஃப்5 அழுத்தினால் சேமிப்பு. எங்கள் பக்கத்தில் எண்டர் படிவத்தையே அனுப்பியது, எஃப்5 பக்கத்தைப் புதுப்பித்து அடித்ததை அழித்தது. பத்து வருடப் பழக்கத்தை ஒரே நாளில் உடைத்துவிட்டோம். எஃப்5-ஐ நிரலில் தடுக்கலாம். கண்ட்ரோல் டபிள்யூ போன்றவற்றை உலாவி விட்டுக்கொடுக்காது, மூடும்போது எச்சரிக்கை மட்டும் காட்டலாம். பழைய செயலியில் என்னென்ன விசை என்று முதலில் எழுதிவையுங்கள்.

#19 முளை

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தேன்.

சரக்கு வரவுத் திரையை மட்டும் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தோம்: டைப்ஸ்கிரிப்ட்டும் ரியாக்ட்டும், பிளேசர் வெப்அசெம்ப்ளியும். இரண்டுமே வேலை செய்தன. குழுவில் வாக்குவாதம் நடந்து ரியாக்ட் என்று முடிவானது. பெட்டி, பொத்தான் எல்லாம் சாதாரண ஹெச்டிஎம்எல் தான். இருப்புப் பட்டியல் ஒன்றுக்கு மட்டும் விர்ச்சுவல் ஸ்க்ரோலிங். அதில் உலாவியின் தேடல் திரையில் தெரியாத வரிசையைக் கண்டுபிடிக்காது என்பதால், மேலே எங்கள் சொந்தத் தேடல் பெட்டி வைத்திருக்கிறோம். கைபேசிக்கு இதே பக்கம் போதும் என்று ஃபிளட்டர் கேட்டவரும் ஒத்துக்கொண்டார்.

பதிவு செய்யும் அம்மா பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்தேன். ஒரு சீட்டுக்கு அவருக்கு எட்டு வினாடி. எஃப்5, எஃப்8 இரண்டையும் பார்க்காமலே அழுத்துகிறார். எண்டரை அடுத்த பெட்டிக்குப் போக வைத்தோம், கடைசிப் பெட்டியில்கூடச் சேமிக்காது. எங்கள் முதல் வடிவில் அவர் எடுத்தது பதினேழு வினாடி. நேற்று ஒன்பதுக்கு வந்திருக்கிறது.

விசைப்பலகை சொன்னபடி எஸ்டபிள்யூஎஃப்பைப் பிரித்துப் பார்த்தேன். அதில்தான் தூக்கிவாரிப் போட்டது. ஓடும் பதிப்பில் சர்வரில் எங்குமே இல்லாத ஆறு சரிபார்ப்பு விதிகள் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டுக்குள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு எங்கள் மூல நிரலிலும் இல்லை. ஒன்று, திருப்பி அனுப்பிய சரக்கை அதே தொகுதி எண்ணில் மறுபடி வரவு வைக்க விடாது. இது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, அந்த அம்மாவைத் தவிர. அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆறையும் முதலில் சர்வருக்குக் கொண்டுபோகிறேன், திரை அப்புறம்.

செவித்திறன் அக்கா, அடுத்த வாரம் அந்தத் திரையை உங்கள் திரைவாசிப்பானில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க முடியுமா? சோதனைத் தரவோடு இணைப்பு அனுப்புகிறேன்.

#20 செவித்திறன்

அனுப்புங்கள் தம்பி. பட்டியல் திரையையும் சேர்த்து அனுப்புங்கள், விர்ச்சுவல் ஸ்க்ரோலிங்கில்தான் எனக்கு எப்போதும் வரிசை எண் குழம்பும். மொத்தம் எத்தனை வரிசை, இது எத்தனையாவது என்று இரண்டையும் ஏரியா பண்புகளில் (திரைவாசிப்பானுக்காக ஹெச்டிஎம்எல்லில் எழுதும் குறிப்புகள்) கொடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.